ஒரு ராத்திரி பொறுத்திருக்கலாம்

2021 ஜூலை மாதம், குளச்சலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, அதனால் சித்தப்பாவும் வீட்டில்தான் இருந்தார். வெளியே காற்றும் மழையும். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நான் லேப்டாப்பில் அவுட்டர் வைல்ட்ஸ் என்ற கேமில் நாலு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

ஆடாதவர்களுக்கு கொஞ்சம் சொல்கிறேன். 2019-ல் வந்த கேம் அது. ஒரு சின்னச் சூரிய மண்டலம், ஒரு ஓட்டை விண்கப்பல், 22 நிமிடம். அந்த 22 நிமிடம் முடிந்தால் எல்லாம் போய் மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடுவோம். மற்ற கேம்களில் கத்தி பெரிதாகும், கவசம் ஏறும், லெவல் கூடும். இதில் அப்படி ஒன்றுமே கிடையாது. நமக்குச் சேருவது நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான். கடைசி வழி தெரிந்த ஒருவர் கேமை முதல்முறை திறந்த உடனேயே, அந்த ஒரே 22 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். தெரியாத நமக்கு இருபது முப்பது மணி நேரம் ஆகும். அந்த இருபது மணிக்கும் 22 நிமிடத்துக்கும் இடையில் இருப்பது முழுக்க முழுக்கக் கண்டுபிடிப்பு, வேறு எதுவும் இல்லை.

அதில் ஜயன்ட்ஸ் டீப் என்று ஒரு கிரகம். தரையே இல்லாத கடல். சுழல்காற்றுகள் தீவுகளைத் தூக்கி வானத்துக்கு அப்பால் எறியும், அவை திரும்ப வந்து விழும். கடலுக்குள் முங்கினால் கொஞ்ச ஆழத்தில் ஒரு நீரோட்டம் கீழே இறங்கவிடாமல் தடுத்துவிடும். கீழே ஏதோ இருக்கிறது என்று தெரியும், எப்படி இறங்குவது என்று தெரியாது. நான் கப்பலை வேகமாக மோதிப் பார்த்தேன், தீவு விழும் இடத்துக்குக் கீழே போய் நின்று பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்கு, பேட்டரி இருபது சதவீதத்துக்கு வந்தபோது, ஃபோனை எடுத்து யூடியூபில் தேடினேன். வீடியோ பதினாறு நிமிடம். எனக்கு வேண்டியது நாற்பது நொடி. பார்த்தேன், ஆடினேன், இறங்கிவிட்டேன். ஒரு சந்தோஷமும் வரவில்லை. சரி, தூங்கலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா கட்டன் சாயாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடல் தெரிந்ததால் பார்த்தார். நான் அந்தக் கிரகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, "மக்களே, இதுல..." என்று ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் ஆடாதவர்களுக்கு விடை போய்விடும். கடலுக்குப் போகிறவன் கண் முதலில் எதைப் பார்க்குமோ அதைத்தான் கேட்டார். அதுதான் விடை. நான் நாலு நாள் பார்க்காததை அவர் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டார், நானோ அதை முந்தின ராத்திரி யாரோ முகம் தெரியாத ஒருவரின் நாற்பது நொடியில் வாங்கிவிட்டிருந்தேன்.

"ஆமா சித்தப்பா, அதான் வழி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு சாயா குடித்தார். அவ்வளவுதான். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கியிருப்போம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது வலிக்கிறது. இதைத் திரும்ப ஆட முடியாது, ஏனென்றால் கேமை அழித்து மறுபடி ஏற்றலாம், தெரிந்ததை அழிக்க முடியாது.

இந்த வலியிலிருந்துதான் வாக்த்ரூ பற்றி, அதாவது கேமை எப்படி முடிப்பது என்று படிப்படியாகச் சொல்லிவிடும் வீடியோ, எழுத்து இவற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். வாக்த்ரூவே பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. நானும் பார்க்கிறேன், இனியும் பார்ப்பேன். எப்போது, எவ்வளவு, எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் முதன்முதலில் வாங்கிய நல்ல க்ளூவைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், நாலு கம்ப்யூட்டர், சனிக்கிழமை மட்டும் கேம் ஆட விடுவார்கள். எல்லாவற்றிலும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இருந்தது, 1989-ல் ஜோர்டன் மெக்னர் செய்தது. அறுபது நிமிடத்தில் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். பெரிய பையன்கள் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து உள்ளே போய் லெவலைத் தாண்டித் தாண்டிக் கடைசிக்குப் போய்விடுவார்கள், போய் என்ன செய்வது என்று தெரியாமல் செத்துப்போவார்கள். என் கூட்டுக்காரன் ஒருவன், கடியப்பட்டணத்துப் பையன், அப்படிச் செய்ய மாட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றாம் லெவலிலிருந்து ஆடுவான்.

பன்னிரண்டாம் லெவலில் நம்மைப் போலவே ஒரு நிழல் உருவம் கத்தியோடு வந்து நிற்கும். அடித்தால் நமக்கும் அடி விழும். அதைக் கொன்றால் நாமும் சாவோம். நான் மூன்று சனிக்கிழமை அங்கே செத்தேன். அவன் முந்தின வாரமே அதைத் தாண்டிவிட்டான் என்று எனக்குத் தெரியும். "எப்பிடிலே?" என்று கெஞ்சினேன். அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லேய், அது எங்கேருந்து வந்ததுன்னு நெனச்சுப் பாரு" என்றான்.

நாலாம் லெவலில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும், அதை உடைத்துக்கொண்டு பாயும்போது நம் உயிர்ப்புள்ளி ஒன்றைத் தவிர எல்லாம் போய்விடும், மறுபக்கமாக அந்த நிழல் ஓடிப்போகும். அதுவரை அதை நான் ஒரு எதிரி என்றே நினைத்திருந்தேன். அது நான்தான். என்னிலிருந்து போனதுதான். நினைத்த உடனே கை தானாகக் கீழ் அம்புக்குறியை அழுத்தியது, கத்தி உறைக்குள் போனது, நிழலும் கத்தியை வைத்தது, இரண்டு பேரும் ஓடிப்போய் ஒன்றானோம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலான கேம் என்பதால் விடையை எழுதியிருக்கிறேன், இன்னும் ஆடாமல் இருந்தவர்கள் மன்னியுங்கள். அந்த நொடியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கத்தியைக் கீழே போடு" என்று அவன் சொல்லியிருந்தால் அடுத்த லெவலுக்குப் போயிருப்பேன், வீட்டுக்கு வந்து சோறு தின்று தூங்கியிருப்பேன், இருபது வருடம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நல்ல க்ளூ என்றால் எனக்கு அதுதான் அளவு. ஏற்கெனவே பார்த்த ஒன்றைத் திரும்பப் பார்க்க வைக்க வேண்டும். புதிதாக ஒன்றையும் கையில் கொடுக்கக்கூடாது.

இதைப் பழைய ஆட்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். 1980-களில் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க நிறுவனம், எழுத்தாலேயே ஆடும் கேம்களைச் செய்தது, அதற்கான குறிப்புப் புத்தகங்களில் கேள்விகளைச் சாதாரண மையில் அச்சடித்து விடைகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்தார்கள். கூடவே ஒரு பேனா வரும், அதைத் தேய்த்தால் எழுத்து தெரியும். ஒரு கேள்விக்கு ஒரே விடையாக இருக்காது. முதல் வரி லேசாகத் தொட்டுக் காட்டும், அடுத்தது இன்னும் கொஞ்சம், கடைசி வரிதான் முழு விடை. வேண்டிய அளவு தேய்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். கேள்விகளை வாசித்தே கதையை ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக இடையிடையே கேமில் இல்லாத விஷயங்களுக்கும் போலிக் கேள்விகள் வைத்தார்கள். ஆடுகிறவனின் கண்டுபிடிப்பைப் பாதுகாக்க இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு வீடியோவின் முகப்புப் படத்திலேயே கடைசி பாஸ், அதாவது கடைசியில் வரும் பெரிய எதிரி, நிற்கிறது.

அடுத்து மருமகன் கதைக்கு வருகிறேன், பாடம் படித்தது அங்கேதான்.

என் அக்கா மகன், நாகர்கோவிலில் எட்டாம் வகுப்பு. 2023 மே லீவுக்கு வந்தவன் என் லேப்டாப்பில் ஹாலோ நைட் ஆட ஆரம்பித்தான். ஆஸ்திரேலியாவில் டீம் செர்ரி என்று மூன்று நாலு பேர் சேர்ந்து செய்து 2017-ல் வெளியிட்ட கேம், பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம், கையால் வரைந்த படங்கள், நிறையச் சாக வேண்டியிருக்கும். பையன் ஃபோனை டம்ளரில் சாய்த்து வைத்திருந்தான். ஐந்து நொடி வீடியோ, நிறுத்தம், ஐந்து நொடி ஆட்டம், நிறுத்தம். இரண்டே நாளில் மழை பெய்துகொண்டே இருக்கும் அந்த நகரத்துக்குப் போய்விட்டான். எனக்கு அந்த இடத்துக்குப் போக இரண்டு வாரம் ஆனது.

"கார்னிஃபரைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"மேப் விக்கிறவன்தானே மாமா? அவன் எங்கே இருப்பான்னு வீடியோல சொல்லுவாங்க. போய் வாங்கிட்டேன்."

"அவன் பாட்டு கேட்டியா?"

"பாட்டா?"

அப்போதுதான் கவனித்தேன், கேமின் சத்தத்தை முழுக்க அணைத்து வைத்திருந்தான். வீடியோவில் பேசுகிறவர் குரல் கேட்க வேண்டுமே. எனக்கு மனசு என்னவோ செய்தது.

அந்தக் கேமில் புது இடத்துக்குப் போனால் கையில் வரைபடம் இருக்காது. கார்னிஃபர் எங்கேயோ உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான், வாய்க்குள் ஒரு பாட்டை முனகிக்கொண்டே. தரையில் அவன் சிந்திய காகிதங்கள் கிடக்கும். இருட்டில் வழி தெரியாமல், உயிர் ஒன்றோ இரண்டோ மிச்சம் வைத்துக்கொண்டு நிற்கும்போது தூரத்தில் அந்த முனகல் கேட்கும் பாருங்கள், சொந்தக்காரன் குரல் கேட்ட மாதிரி இருக்கும். காதை வைத்துக்கொண்டுதான் அவனைத் தேட வேண்டும். வரைபடம் வாங்கினாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று அதில் தெரியாது, அதற்குத் தனியாகத் திசைகாட்டி வாங்க வேண்டும். நாம் பார்த்த புது இடங்கள் வரைபடத்தில் ஏற இறகுப்பேனா வாங்க வேண்டும், அதுவும் பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் ஏறும். செய்தவர்கள் வேண்டுமென்றே நம்மைத் தொலைய விடுகிறார்கள், தொலைந்தவனுக்குத்தான் அந்தப் பாட்டு இனிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இவன் அந்தக் கேமை ஊமையாக்கி ஆடிவிட்டான்.

திட்டவில்லை. திட்டினால் அவன் எனக்காக ஆடுவான், தனக்காக ஆட மாட்டான். "புதுசா ஒரு சேவ் தொடங்கு, ஹெட்செட் போட்டுக்கோ, முதல் இடத்தை மட்டும் வீடியோ இல்லாம ஆடு, பிடிக்கலேன்னா பழைய சேவ் அங்கேயே இருக்கு" என்றேன். அரை மனசாக ஒத்துக்கொண்டான். நான் பக்கத்தில் கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மாமா, யாரோ பாடுறாங்க."

அந்த லீவு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். யாருக்காவது உதவட்டும்.

முட்டிக்கொண்டு நிற்பது எல்லாம் ஒன்றல்ல. கை முட்டுவது வேறு, கண் முட்டுவது வேறு. ஃபால்ஸ் நைட் என்று முதலில் வரும் பெரிய பாஸிடம் அவன் பதினொரு தடவை செத்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அந்த பாஸ் குதித்து விழும்போது விலகி, சாயும்போது தலையில் அடிக்க வேண்டும், கை ஓடவில்லை. இந்த மாதிரி இடத்தில் இன்னொருவர் ஆடுவதைப் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வீடியோ பார்த்தாலும் பழக வேண்டியது அவன் விரல்தான், ஜெயித்தால் அது அவன் ஜெயித்ததுதான். ஆனால் கண் முட்டும்போது, அதாவது இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன, இந்தக் கதவு எப்படித் திறக்கும், இந்த ஆள் ஏன் இப்படிப் பேசினான் என்பதில் முட்டும்போது, அங்கே விடையைப் பார்த்தால் எல்லாமே போய்விடும். வீடியோவைத் திறப்பதற்கு முன் இது கையா கண்ணா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பாதி நேரம் அந்தக் கேள்வியே போதுமாக இருக்கிறது.

முட்டி நிற்பதை எல்லாம் புனிதமாக்கவும் வேண்டாம். டார்க் சோல்ஸ் 2011-ல் வந்தது, நான் 2018-ல் வந்த ரீமாஸ்டரில், அதாவது மெருகேற்றிய பதிப்பில் ஆடினேன். தொடக்கத்தில் ஃபயர்லிங்க் என்ற இடத்தில் இறக்கி விடுவார்கள், பக்கத்திலேயே ஒரு சுடுகாடு, எலும்புக்கூடுகள் ஒரே அடியில் பாதி உயிரை எடுத்துவிடும். இந்தக் கேமே கஷ்டமான கேம் என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருந்ததால் இதுதான் வழி போல என்று மூன்று சாயங்காலம் அங்கேயே செத்துக்கொண்டிருந்தேன். வழி அந்தப் பக்கமே இல்லை, மேலே ஏறிப் போகும் படி ஒன்று அங்கேயே இருந்தது. அந்த மூன்று நாள் எனக்கு ஒன்றையும் தரவில்லை. சுற்றிப் பார்க்காமல் நின்றேன், அவ்வளவுதான். அங்கே யாராவது "வேற வழி உண்டுமா பாரு" என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஒரே இடத்தில் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை என்றால் அப்போது உதவி கேட்பது சரி. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடுதலாகத் தெரிகிறது என்றால் கேட்காதீர்கள், வந்துகொண்டிருக்கிறது.

அதே கேமில் பத்துப் பதினைந்து மணி நேரம் கழித்து, உயரத்தில் ஒரு தேவாலயத்தில் ஒரு லிஃப்ட் இருக்கும். அதில் ஏறி நின்றேன். இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, நின்றதும் வெளியே வந்தால் ஃபயர்லிங்க். நான் கிளம்பிய அதே இடம், அதே நெருப்பு. இத்தனை நேரம் தூர தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த உலகம் ஒரு வளையமாக மூடிக்கொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வாக்த்ரூவில் இது "லிஃப்டில் இறங்கினால் ஃபயர்லிங்க் வரும்" என்று ஒரே வரி. தகவல் ஒன்றுதான், ஆனால் அந்த வரியைப் படித்து யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேமில் முகம் தெரியாத ஆட்கள் தரையில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகலாம், அதுவும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொந்த வாக்கியம் எழுத முடியாது, கொடுத்திருக்கும் சொற்களிலிருந்து கோத்துத்தான் எழுத முடியும். அதனால் யாரும் முழு விடையைக் கொட்ட முடியாது. "முன்னால் எச்சரிக்கை" என்ற அளவுக்குத்தான் சொல்லலாம். இந்தக் கேமைச் செய்த ஹிடேடாகா மியாசாகி, சின்ன வயதில் தன்னால் முழுக்கப் புரிந்துகொள்ள முடியாத ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பி வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேம்களில் கதை அங்கங்கே விட்டு விட்டு இருப்பதற்கு அதுதான் காரணம் என்று வாசித்தபோது எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்தது, நானும் தமிழ் மீடியத்திலிருந்து வந்து பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேம் ஆடியவன்தான்.

மொழி பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அவுட்டர் வைல்ட்ஸ் மாதிரி கேம்களில் சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பதுதான் ஆட்டமே. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் அது கேம் வைத்த சவால் கிடையாது. அகராதி பாருங்கள், தெரிந்தவரிடம் பொருள் கேளுங்கள், ஃபோனில் மொழிபெயர்த்துப் பாருங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம். மருமகனுக்கு நான் வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லவில்லை. அதேபோல் கேமே பிழையாகி ஒரு கதவு திறக்காமல் போனாலோ, ஒருவருக்குக் கை நடுங்கும், கண் சரியாகத் தெரியாது என்றாலோ, வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, கதையை மட்டும் பார்க்க வேண்டும் என்றாலோ, தாராளமாக வாக்த்ரூவைத் திறந்து வைத்து ஆடலாம். அவர்களைப் பார்த்து "இதெல்லாம் ஆட்டமா" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

உதவி தேடுவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் ஒரு ராத்திரி. தூங்கி எழுந்தும் முட்டுகிறது என்றால்தான் அடுத்தது. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்று ஒரு கேம், 2018-ல் லூக்காஸ் போப் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்தது. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில் அறுபது பேருக்கு என்ன ஆனது, ஒவ்வொருவர் பெயர் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்தக் கப்பலில் இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் உண்டு. மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று உறுதிசெய்யும், ஒவ்வொருவராகக் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்க முடியாது. அதில் எனக்குக் கிடைத்த நல்ல விடைகளில் பாதி திங்கள்சந்தை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது வந்தவை. கம்ப்யூட்டர் முன்னால் வராதவை.

அப்புறம் நோட்டு. பழைய டைரி ஒன்றில் எழுதுகிறோம். தெரிந்ததை எழுதுவதைவிடத் தெரியாததை எழுதுவது நல்லது. "பச்சை இடத்தில் மேலே ஒரு வாசல், எட்டவில்லை." "கிழவன் கோயில் என்றான், எந்தக் கோயில்?" இப்படிப் பக்கம் நிறைந்துவிட்டால் முட்டி நிற்கிறோம் என்ற நினைப்பே பாதி போய்விடும், ஏனென்றால் போய்ப் பார்க்க இன்னும் ஆறு இடம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அவுட்டர் வைல்ட்ஸின் கப்பல் குறிப்பேடே இதைச் செய்துவிடும், இந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று ஆரஞ்சு நிறத்தில் காட்டும். நான் வீடியோ திறந்த அந்த ராத்திரி அதைப் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை.

அதற்கும் பிறகு ஆள். ஆடி முடித்த ஒருவர் தெரிந்தால் அவரிடம் கேளுங்கள், வீடியோவிடம் கேட்காதீர்கள். மனுஷன் நம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வான், வீடியோ நிறுத்தாது. கேட்கும்போது "எப்படி?" என்று கேட்காமல் இதுவரை என்னென்ன செய்தேன் என்று சொல்லிப் பாருங்கள், பல நேரம் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே பிடிபடும். சொல்கிறவர்களுக்கும் இதுதான்: வாயைத் திறக்கும் முன் "நீ என்ன பாத்தே?" என்று கேளுங்கள். இது கஷ்டம். விடை தெரிந்த வாய் சும்மா இருக்காது. மருமகன் ஒரு சுவரைத் தாண்டித் தாண்டிப் போகும்போது நான் இரண்டு தடவை எழுந்து அடுக்களைக்குப் போயிருக்கிறேன்.

ஆளே இல்லை என்றால் எழுத்தில் இருக்கும் வாக்த்ரூவைத் தேடுங்கள், வீடியோ வேண்டாம். எழுத்தைக் கையால் மறைத்து ஒரு வரி மட்டும் படிக்கலாம். தேடும்போது கேம் பெயரோடு அந்த இடத்தின் பெயரையும் 'ஹின்ட்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் கேம் பெயரை அடித்தாலே கீழே வரும் பரிந்துரைகளில் யார் சாகிறார்கள் என்பதுவரை வந்துவிடும்.

சித்தப்பாவிடம் ஒரு நாள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டா காலத்தில் கடலில் மீன் கிடக்கும் பாறை எங்கே என்று தெரிந்துகொள்ள, கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் நேர் விழுந்தால் வள்ளத்துக்குக் கீழே பாறை. அந்த நேரைப் பாட்டா வெளியே சொல்ல மாட்டார். இன்றைக்கு சித்தப்பாவின் படகில் ஜிபிஎஸ் கருவியில் அதெல்லாம் எண்ணாக ஏறிக் கிடக்கிறது. "பாட்டா மாதிரி கண்டுபிடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு தோணாதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"டீசல் யாரு போடுவா?" என்றார். "வீட்டுக்கு அரிசி வேணும் மக்களே. நம்பர் இருந்தா நம்பரைத்தான் பாக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு அந்தக் கீழ போனா மீனா கெடைக்கப் போவுது? எதுக்கு அவசரம்?" என்றார்.

நான் நாலு வருடம் யோசித்ததை அவர் அப்படி முடித்துவிட்டார். பிழைப்புக்குத் தேடும்போது தேடலைக் குறைக்கும் எதுவும் நல்லது. கேமில் தேடுவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம், தேடலைக் குறைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

இந்த வருடம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து மருமகன் வந்தான். இப்போது வளர்ந்துவிட்டான், குரல் உடைந்துவிட்டது. அவுட்டர் வைல்ட்ஸ் அவனே கேட்டு வாங்கியது, ஃபோன் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ஜயன்ட்ஸ் டீப்பில் இறங்கினான். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தடைக்காலம்தானே, சித்தப்பாவும் வந்து உட்கார்ந்தார். அந்தக் கடலைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையை மட்டும் லேசாக ஆட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் போனது. கப்பல் மோதியது, தீவு வானத்துக்குப் போய் விழுந்தது, 22 நிமிடம் மூன்று தடவை முடிந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. சாயா ஆறிப்போனது. பையன் டைரியில் ஏதோ எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக் கேட்டான்.

"பாட்டா, நெசக் கடல்ல இப்பிடி இருந்தா நீங்க முதல்ல எதைப் பாப்பீங்க?"

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.